பழைய டிராயிங், புது மென்பொருள்: எந்தக் கோளாறுக்கு எங்கே கை வைப்பது

ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளில் பதினைந்து இருபது வருஷமாக வரைந்து சேர்த்த டிராயிங்குகளோடு சாலிட்வொர்க்ஸ் மாதிரியான முப்பரிமாண மென்பொருளுக்கு மாறும் சிறு தொழிற்சாலைகளுக்காக இதை எழுதுகிறேன். பம்ப், வால்வு, கியர்பாக்ஸ், ஃபிக்சர் எது செய்தாலும் சரி, மாறிய முதல் சில மாதங்களில் வரும் புகார்கள் ஒரே மாதிரிதான் இருக்கும். "புது சாஃப்ட்வேர் டிராயிங்கைக் கெடுத்துவிட்டது" என்பார்கள். பெரும்பாலும் அது கெடுக்கவில்லை. கோளாறு பழைய கோப்பிலேயே இருந்தது. பிரிண்ட் எடுத்து லேத்துக்குக் கொடுத்த காலத்தில் ஆபரேட்டர் எண்ணைப் படித்தார், கோட்டை அளக்கவில்லை. புது மென்பொருள் கோட்டைத்தான் படிக்கிறது. கீழே வரும் கோளாறுகளில் பல இந்த ஒரு வித்தியாசத்தில் பிறந்தவை.

கை வைக்கும் முன்

பழைய ஃபோல்டர் முழுவதையும் நகலெடுத்து, மூலத்தைப் படிக்க மட்டும் என்று பூட்டிவிடுங்கள். பிறகு பழைய கணினியில், பழைய மென்பொருளிலேயே, எல்லா டிராயிங்கையும் பிடிஎஃப் ஆக்குங்கள். கணினியை ஃபார்மட் செய்த பிறகு இந்த வேலை நடக்காது. இன்றுவரை உங்கள் ஷாப்பில் இருந்தவர்கள் பார்த்தது எது என்பதற்கு அந்த பிடிஎஃப்தான் சாட்சி. பின்னால் வரும் ஒவ்வொரு சண்டையிலும் அதைத்தான் தேடுவீர்கள்.

அதே கணினியிலிருந்து எடுக்க மறப்பவை: எஸ்எச்எக்ஸ் (ஆட்டோகேடின் சொந்த எழுத்துரு) ஃபாண்ட் ஃபோல்டர், பிரிண்டில் கோட்டின் தடிமனைத் தீர்மானிக்கும் பிளாட் ஸ்டைல் கோப்புகள், யாரோ ஒருவர் சொந்தமாகச் செய்து வைத்த லைன்டைப் (கோட்டு வகை), ஹாட்ச் (வெட்டுமுகத்தை நிரப்பும் சாய்கோடு) கோப்புகள், டைட்டில் பிளாக் (தாளின் ஓரத்தில் பெயர், எண் எழுதும் கட்டம்) டெம்ப்ளேட். டிராயிங்கை மட்டும் பென் டிரைவில் போட்டுக்கொண்டு வந்துவிட்டு அப்புறம் அலைபவர்கள்தான் அதிகம்.

இன்னொன்று. அலமாரியில் இருக்கும் எல்லா டிராயிங்கையும் ஒரே மூச்சில் முப்பரிமாணமாக்கலாம் என்று யாராவது திட்டம் கொண்டுவந்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அதில் பல பாகங்களுக்கு இனி ஆர்டரே வராது. ஆர்டர் வரும்போது, அல்லது திருத்தம் வரும்போது, அந்த ஒன்றை மட்டும் மாற்றினால் போதும். மற்றவை பிடிஎஃப் ஆகவே தூங்கட்டும்.

கோப்பு திறக்கவே மாட்டேன் என்கிறது

கோப்பை நோட்பேடில் இழுத்துப் போடுங்கள். உள்ளே கந்தல்கோளமாகத்தான் தெரியும், ஆனால் முதல் ஆறு எழுத்துகள் வயதைச் சொல்லிவிடும். ஏசி1009 என்றிருந்தால் அது ஆர்11, ஆர்12 காலத்தது. 1012 ஆர்13, 1014 ஆர்14. 1015 என்றால் 2000 முதல் 2002 வரையிலான வெர்ஷன், 1018 என்றால் 2004 முதல் 2006, 1021 என்றால் 2007 முதல் 2009, 1024 என்றால் 2010 முதல் 2012, 1027 என்றால் 2013 முதல் 2017. 1032 அதற்குப் பிந்தையது.

வயதுதான் சிக்கல் என்றால் தீர்வு எளிது. ஆட்டோடெஸ்கின் டிடபிள்யூஜி ட்ரூவியூவோ, ஓப்பன் டிசைன் அலையன்ஸின் ஃபைல் கன்வர்ட்டரோ இலவசம். இரண்டுமே ஒரு ஃபோல்டரை மொத்தமாக வேறு வெர்ஷனுக்கு மாற்றித்தரும்.

அந்த ஆறு எழுத்து இல்லாமல் "பிகே" என்று தொடங்கினால் அது ஜிப் கோப்பு, யாரோ பெயரை மாற்றி வைத்திருக்கிறார்கள். எதுவுமே இல்லாமல் வெறுமையாக இருந்தால் டிஸ்க்கில் போய்விட்டது. அதே பெயரில் பேக் என்று முடியும் நகல் இருக்கிறதா பாருங்கள், அதன் பின்னொட்டை மாற்றினால் முந்தைய சேமிப்பு திறக்கும். எழுத்து சரியாக இருந்தும் திறக்கவில்லை என்றால் கெட்ட கோப்பை மீட்கும் ரெக்கவர் கட்டளை, பிறகு பிழைகளைச் சரிசெய்யும் ஆடிட்.

திறக்கிறது, ஆனால் பாதி காணோம்

காணாமல்போன இடத்தில் ஒரு கோப்பின் பெயரும் பாதையும் எழுத்தாக நிற்கிறதா? அது எக்ஸ்ரெஃப். மோட்டாரையோ பேரிங் ஹவுசிங்கையோ தனிக் கோப்பில் வைத்து வெளியிலிருந்து இணைத்திருக்கிறார்கள், அந்தப் பாதை பழைய கணினியின் டி டிரைவைச் சுட்டுகிறது. கோப்பைத் தேடிப் பிடித்துப் பாதையைக் காட்டிவிடுங்கள். இனி மாறக்கூடாத டிராயிங் என்றால் பைண்ட் செய்து உள்ளேயே கட்டிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் நாளைக்கு யாராவது மோட்டார் கோப்பைத் திருத்தினால், பத்து வருஷத்துக்கு முன் அனுப்பிய மெஷினின் டிராயிங்கும் சத்தமில்லாமல் மாறிவிடும்.

வெற்றுச் செவ்வகம் தெரிந்தால், அல்லது கோப்பைத் திறக்கும்போதே ப்ராக்ஸி என்று ஒரு அறிவிப்பு வந்தால், அந்தப் பொருள் வேறொரு ஆட்-ஆன் மென்பொருளில் வரைந்தது. ஆட்டோகேட் மெக்கானிக்கலில் போட்ட ஸ்பிரிங், ஷாஃப்ட் எல்லாம் இப்படி வரும். அதற்கான ஆப்ஜெக்ட் எனேப்ளர் (அந்தப் பொருளைக் காட்ட உதவும் துணை நிரல்) கிடைத்தால் நிறுவுங்கள். பழைய கணினி உயிரோடு இருந்தால் அங்கேயே எளிய கோடுகளாக உடைத்துச் சேமித்து எடுத்து வருவது அதைவிடச் சுலபம்.

எழுத்து கேள்விக்குறியாகவோ குப்பையாகவோ வருகிறது

கேள்விக்குறி வரிசை என்றால் ஃபாண்ட் இல்லை. பழைய ஃபோல்டரிலிருந்து எடுத்த எஸ்எச்எக்ஸ் கோப்புகளைப் புது இடத்தில் சேர்த்துவிட்டால் முக்கால்வாசி சரியாகிவிடும். கிடைக்காத ஃபாண்டுக்குப் பதில் மென்பொருள் வேறொன்றைப் போடும். அதன் அகலம் வேறு என்பதால் டைட்டில் பிளாக்கில் பெயர் கட்டத்தைத் தாண்டி ஓடும். விட்டக்குறி மட்டும் காணோம் என்றால் அந்த இடத்தைத் தேடிப் பார்த்தே ஆகவேண்டும். விட்டம் 20 என்பது வெறும் 20 ஆகிவிட்டால் சதுரமா வட்டமா என்று ஷாப்பில் கேள்வி வரும்.

தமிழில் குறிப்பு எழுதிய டிராயிங்குகளில் வேறு வகைக் குப்பை. "இந்தப் பக்கம் கிரைண்டிங் வேண்டாம்" என்று ஆபரேட்டருக்காக எழுதிய வரி, ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த பிதற்றலாக நிற்கும். அந்தக் காலத்துத் தமிழ் ஃபாண்டுகள் ஆங்கில எழுத்துகளின் இடத்திலோ மற்றக் குறிகளின் இடத்திலோ தமிழ் உருவை உட்காரவைத்தவை. பாமினிக்கு ஒரு அடுக்கு, டாம், டாப் இரண்டுக்கும் வேறு அடுக்கு, டிஸ்கிக்கு இன்னொன்று. தமிழக அரசு 1999-இல் டாம், டாப் இரண்டையும் தரமாக்கி, 2010-இல் யூனிகோடுக்கு மாறியது. டிராயிங் ஆபீஸ்களில் யாரும் எதையும் மாற்றவில்லை.

இங்கே செய்யக்கூடாத ஒன்று இருக்கிறது. புது ஃபாண்டைப் போட்டுச் சேமித்துவிடாதீர்கள். டெக்ஸ்ட் ஸ்டைலில் இருக்கும் பழைய ஃபாண்டின் பெயர்தான் எந்த அடுக்கில் எழுதியது என்பதற்கு ஒரே தடயம். முதலில் அந்தப் பெயரைக் குறித்துக்கொண்டு, வரிகளை எடுத்து என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற ஒன்றில் யூனிகோடாக்கி, பிறகு நிர்மலா அல்லது லதா போன்ற ட்ரூடைப் ஃபாண்ட் கொண்ட ஸ்டைலில் ஒட்டுங்கள். எஸ்எச்எக்ஸ் ஸ்டைலில் ஒட்டினால் மறுபடியும் கேள்விக்குறிதான். கடைசியாகப் பழைய பிடிஎஃப்போடு வாசித்து ஒத்துப் பாருங்கள். "வேண்டாம்" என்பதில் ஒரு எழுத்து விழுந்தால் பொருளே தலைகீழ்.

அளவு மொத்தமாகத் தப்பு

எத்தனை மடங்கு தப்பு என்று பார்த்தால் காரணம் தெரிந்துவிடும். தெரிந்த ஒரு அம்சத்தை டிஸ்ட் கட்டளையால் அளந்து பாருங்கள். 6205 பேரிங் உட்காரும் இடம் இருந்தால் வசதி, அதன் வெளிவிட்டம் 52 என்பது எல்லாருக்கும் தெரியும்.

அளந்தால் 52 வருகிறது, இறக்குமதி செய்தால் 25.4 மடங்கு பெரிதாகிறது என்றால் கோடுகளில் தப்பில்லை. கோப்பு தன்னை இஞ்ச் என்று சொல்லிக்கொள்கிறது. கோப்பின் யூனிட்டைச் சொல்லும் இன்ஸ்யூனிட்ஸ் மதிப்பு 1 என்றிருக்கும், அல்லது 0 என்று யூனிட்டே இல்லாமல் இருக்கும். அதை 4 ஆக்குங்கள், அது மில்லிமீட்டர். ஸ்கேல் கட்டளையைத் தொடாதீர்கள். அளந்தாலே 2.047 வருகிறது என்றால் உண்மையிலேயே இஞ்சில் வரைந்தது; அப்போதுதான் 25.4-ஆல் பெருக்கவேண்டும்.

இரண்டு மடங்கு, பாதி, ஐந்து மடங்கு என்று வந்தால் டிராஃப்டிங் போர்டு காலத்துப் பழக்கம். தாளில் அடங்கவேண்டும் என்று கோட்டையே பாதியாக வரைந்துவிட்டு, அளந்த எண்ணைப் பெருக்கிக் காட்டும் டிம்எல்ஃபேக்கை 2 ஆக்கி எண்ணைச் சரியாகக் காட்டியிருப்பார்கள். பெரிதாக்கிக் காட்டிய டீடெயில் வியூக்களிலும் இதே கதை. ஒரே ஷீட்டில் மூன்று ஸ்கேல் கலந்து கிடக்கும் என்பதால் ஷீட்டை அப்படியே இறக்குமதி செய்யாமல் தேவையான வியூவை மட்டும் வெட்டி எடுங்கள்.

பெரிய தப்புகளைவிட ஆபத்தானது ஒரு சதவீதத் தப்பு. 300 வரவேண்டிய ஃபிளாஞ்ச் 303 வருகிறது. யாரோ தப்பாக வரைந்தார் என்று நினைத்துத் திருத்தப் போவீர்கள். ஃபவுண்டரி உள்ள ஊரில் முதலில் சந்தேகப்பட வேண்டியது, அது பேட்டர்ன் (வார்ப்புக்கான மாதிரி உரு) டிராயிங்கா என்பதைத்தான். வார்ப்பிரும்பு குளிரும்போது ஏறத்தாழ ஒரு சதவீதம் சுருங்கும், எஃகு இரண்டு சதவீதத்துக்குப் பக்கமாக. அதைச் சேர்த்துத்தான் பேட்டர்ன் வரைவார்கள். அதன்மேல் மெஷினிங்குக்கு விட்ட கூடுதல் வேறு, முகத்துக்கு முகம் மாறும். ஆகவே மொத்தத்தையும் 1.01-ஆல் வகுத்துத் தப்பிக்க முடியாது. முடிந்த பாகத்தின் டிராயிங்கைத் தேடி அதிலிருந்து மாடலை உருவாக்குங்கள். பிறகு அதிலிருந்து காஸ்டிங் மாடல், மெஷினிங் கூடுதலோடு. கடைசிப் படியாக ஸ்கேல் ஃபீச்சர், சுருக்கத்துக்காக. இந்த வரிசையில் செய்துவிட்டால், ஃபவுண்டரிக்காரர் நாளை சுருக்க அளவை மாற்றச் சொன்னாலும் ஒரு எண்ணைத் தொட்டால் போதும். புது மென்பொருளுக்குக் கொடுத்த பணம் எனக்கு நியாயமாகப்படுவது இந்த மாதிரி இடங்களில்தான்.

பிரிண்டில் 48, மாடலில் 45

காசைக் கரைக்கும் கோளாறு இது. ஒரு வாடிக்கையாளர் ஃபோனில் "45 வேண்டாம், 48 ஆக்குங்கள்" என்றிருப்பார். அவசரத்தில் டைமென்ஷனை இரட்டைக் கிளிக் செய்து 48 என்று அடித்திருப்பார்கள், கோடு 45-லேயே நின்றிருக்கும். பிரிண்ட் சரி, பாகமும் சரியாக வந்தது, ஆண்டுக்கணக்காக யாருக்கும் குறையில்லை. இன்று அந்தக் கோட்டின்மேல் மாடல் எழுப்பினால் 45-இல் நிற்கும்.

இப்படி கையால் அடித்த எண்களைக் கண்டுபிடிக்க, பண்பை வைத்துத் தேர்ந்தெடுக்கும் க்யூசெலக்ட் கட்டளை போதும். டைமென்ஷன் வகை, டெக்ஸ்ட் ஓவர்ரைடு என்ற பண்பு, ஒப்பீட்டில் வைல்ட்கார்டு, மதிப்பில் நட்சத்திரக்குறி. கிடைத்ததில் எல்லாமே குற்றவாளி இல்லை. "4 துளை" என்று முன்னால் எழுதி, எண்ணின் இடத்தில் கூர் அடைப்புக்குறி இரண்டை (<>) விட்டு வைத்திருந்தால் அங்கே உண்மையான அளவுதான் ஓடுகிறது. அடைப்புக்குறி இல்லாமல் வெறும் எண் இருந்தால்தான் சந்தேகம்.

கோப்பு நிறைய என்றால் டிஎக்ஸ்எஃப் (மற்ற நிரல்கள் படிக்கக்கூடிய டிராயிங் கோப்பு) ஆக மாற்றி ஒரு சின்ன பைத்தான் நிரலிடம் விடலாம். டைமென்ஷன் ஒவ்வொன்றிலும் குறியீடு 1-இல் கையால் அடித்த எழுத்தும், 42-இல் உண்மையாக அளந்த மதிப்பும் இருக்கும். இரண்டும் ஒட்டாதவற்றைப் பட்டியலிடச் சொன்னால், எந்த டிராயிங்குகள் கண்ணிவெடி என்பது ஒரே நாளில் தெரிந்துவிடும். மாறுவதற்கு முன்பே செய்யவேண்டிய வேலை என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

இரண்டு வகை இதில் சிக்காது. ஒன்று, எக்ஸ்ப்ளோடு செய்த டைமென்ஷன். அது வெறும் கோடும் எழுத்தும்தான், அளவோடு எந்த ஒட்டும் இல்லை. இன்னொன்று, தசம இடம் பூஜ்யம் என்று வைத்தது. கோடு 12.4, எண் 12. கையால் அடித்ததல்ல என்பதால் தேடலில் வராது, ஆனால் மாடலில் 12.4 ஏறிவிடும்.

சரி, எது சரியான அளவு? முதல் வாக்கு எண்ணுக்கு, கோட்டுக்கு இல்லை. ஆனால் எண்ணும் கடைசி வாக்கு இல்லை. மெஷின் பக்கத்தில் எண்ணெய்க் கறையோடு கிடக்கும் பிரிண்டைப் பாருங்கள், பேனாவால் 48-ஐ அடித்து 47.8 என்று எழுதியிருக்கலாம். வாடிக்கையாளர் ஏற்றுக்கொண்ட கடைசி இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட்டைப் பாருங்கள். பிளக் கேஜ் (துளையின் அளவைச் சோதிக்கும் கருவி) இருந்தால் அதில் பொறித்த அளவைப் பாருங்கள். அந்த மெஷினில் வெகுகாலம் நின்ற ஆபரேட்டரிடம் "அண்ணே, இதை என்ன அளவுக்கு ஓட்டுறீங்க?" என்று கேட்பது மேற்சொன்ன எல்லாவற்றையும்விடச் சீக்கிரம் வேலையை முடிக்கும். அவர் ஓய்வுபெறும் முன் கேட்டுவிடுங்கள்.

இதனால்தான் பழைய கோட்டின்மேல் படியெடுத்து மாடல் செய்வதை நான் ஒப்புவதில்லை. பிடிஎஃப்பைப் பக்கத்து மானிட்டரில் வைத்துக்கொண்டு எண்களைத் தட்டி வரையுங்கள். 25 எச்7 (25 மிமீ துளையில் எவ்வளவு கூடலாம் என்பதன் குறி) என்பதை எழுத்தாக அடிக்காமல் டாலரன்ஸாகவே கொடுங்கள், அப்போது 25.000 முதல் 25.021 வரை என்பது மென்பொருளுக்கும் தெரியும். முடிந்ததும் வரைந்தவர் அல்லாத ஒருவர் பழைய பிரிண்டில் ஒவ்வொரு எண்ணையும் கலர் பென்சிலால் அடித்துக்கொண்டே புதியதோடு ஒப்பிடட்டும்.

ஒப்பிடும்போது தலைகீழ் முக்கோணங்களும் வரும், முகம் எவ்வளவு வழவழப்பாக இருக்கவேண்டும் என்பதன் குறி அவை. பழைய முறையில் இரண்டு முக்கோணம் என்றால் ஆர்ஏ (சொரசொரப்பின் சராசரி அளவு) 1.6 முதல் 8 மைக்ரான் வரை எதுவும் ஆகலாம். புது டிராயிங்கில் ஒரே எண் போடவேண்டும். எல்லா இடத்திலும் 1.6 என்று போட்டுவிட்டால் பாதுகாப்பு மாதிரி தெரியும், வெளியே ஜாப் ஒர்க்குக்குக் கொடுக்கும்போது விலை ஏறும். சீல் உட்காரும் முகமா, வெறுமனே ஒட்டும் முகமா என்று பார்த்து முடிவு செய்யுங்கள்.

ஸ்கெட்ச் எக்ஸ்ட்ரூட் ஆகவில்லை

அப்படியும் பழைய கோட்டை இறக்குமதி செய்தே தீரவேண்டிய இடங்கள் உண்டு: கேம் வளைவு, இம்பெல்லர் வேன், ஷீட் மெட்டல் பிளாங்க். எண்கள் குறைவு, வளைவே பாகம். அந்தக் கோட்டை எக்ஸ்ட்ரூட் செய்யப் போனால், அதாவது தடிமன் கொடுத்து எழுப்பப் போனால், "கான்டூர் மூடவில்லை" (சுற்றுக்கோடு முழுதாகச் சேரவில்லை) என்று மென்பொருள் நின்றுவிடும்.

ஆட்டோகேடிலேயே சுத்தம் செய்துவிட்டு அனுப்புங்கள். ஓவர்கில் கட்டளை ஒன்றின்மேல் ஒன்று கிடக்கும் கோடுகளை நீக்கும். முனைகள் சேராத இடங்களை பெடிட் கட்டளையில் ஃபஸ் தூரம் (எவ்வளவு இடைவெளி வரை ஒட்டலாம் என்ற அளவு) கொடுத்து இணைக்கலாம், 0.01-இல் தொடங்குங்கள், பெரிதாகக் கொடுத்தால் வேண்டாததும் ஒட்டிக்கொள்ளும். கண்ணுக்கு ஒட்டியிருந்தும் இணையாவிட்டால் இசட் மதிப்பைப் பாருங்கள், ஒரு கோடு தரையில் இன்னொன்று மேலே இருக்கும். ஃபிளாட்டன் போட்டால் இறங்கிவிடும். மூலப்புள்ளியிலிருந்து வெகுதூரத்தில் வரைந்திருந்தால் 0,0-க்கு நகர்த்துங்கள். சாலிட்வொர்க்ஸுக்குள் வந்த பிறகும் மக்கர் செய்தால் ரிப்பேர் ஸ்கெட்ச் இருக்கிறது. வந்த கோடுகள் எல்லாம் நீலமாக, எந்த உறவும் இல்லாமல் மிதக்கும். அவற்றை ஃபிக்ஸ் செய்துவிட்டு நகருங்கள், நூறு கோட்டுக்கு டைமென்ஷன் போட உட்காராதீர்கள்.

பாகம் இடவலம் மாறி வந்துவிட்டது

மாடலின் வியூக்கள் பழைய டிராயிங்கோடு எதிரெதிராக நிற்கின்றனவா? இந்தியாவில் வழக்கம் ஃபர்ஸ்ட் ஆங்கிள், மேலிருந்து பார்த்த வியூவை முன் வியூவுக்குக் கீழே வைக்கும் முறை. அமெரிக்கத் தர டெம்ப்ளேட்டோடு நிறுவிய மென்பொருள் அதற்கு எதிரான தேர்டு ஆங்கிளில் வைக்கும். ஷீட் ப்ராப்பர்ட்டியில் ஒரு தேர்வுதான், மாற்றி டெம்ப்ளேட்டிலேயே சேமியுங்கள். கவனிக்கவேண்டியது எதிர்த் திசை: ஜப்பான், அமெரிக்கக் கூட்டில் வந்த பழைய டிராயிங்குகள் தேர்டு ஆங்கிளில் இருக்கலாம். ஃபர்ஸ்ட் ஆங்கிள் என்று நினைத்து மாடல் செய்தால் சமச்சீர் இல்லாத பாகம் இடதுகைப் பாகமாகிவிடும். டைட்டில் பிளாக்கில் வெட்டிய கூம்பின் குறி எப்படி இருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். குறியே இல்லை என்றால், அந்தப் பாகத்தின் பழைய காஸ்டிங் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

சில்லறைத் தொல்லைகள்

பிரிண்டில் எல்லாக் கோடும் ஒரே தடிமன் என்றால் பழைய சிடிபி என்ற பிளாட் ஸ்டைல் கோப்பு வரவில்லை; அதில்தான் சிவப்பு மெல்லியது, மஞ்சள் தடி என்ற கணக்கு இருந்தது. சென்டர் லைன் இடைவெளியே இல்லாத நேர்கோடாகத் தெரிந்தால், கோட்டின் இடைவெளி அளவைத் தீர்மானிக்கும் எல்டிஸ்கேல் மதிப்பைப் பாருங்கள். ஹாட்ச் ஒரே கறுப்பாக அடைத்துக்கொண்டாலோ காணாமல்போனாலோ மெஷர்மென்ட் மதிப்பு 0-வா 1-ஆ என்று பாருங்கள், 1 மெட்ரிக். இருபது கோடு உள்ள கோப்பு பல எம்பி கனத்தால் உள்ளே டிஜிஎன் (வேறு மென்பொருளின் கோப்பு வகை) லைன்டைப்பும் ரெஜ்ஆப் (மற்ற நிரல்கள் விட்டுச்சென்ற பதிவுப் பெயர்) குப்பையும் ஒட்டுண்ணியாகச் சேர்ந்திருக்கும். பர்ஜ் (பயன்படாததை நீக்கும் கட்டளை) செய்து, அதன் கட்டளைவரி வடிவில் ரெஜ்ஆப்ஸையும் தனியே பர்ஜ் செய்யுங்கள். இதற்கெல்லாம் அதிக நேரம் செலவழிக்க வேண்டாம்.

மாற்றிவிட்டோம், ஆனால் பழைய அளவிலேயே பாகம் வருகிறது

மென்பொருளில் தேடாதீர்கள், காரணம் ஷாப்பில் இருக்கும். ஒரே டிராயிங் எண்ணில் பழைய கோப்பும் புது மாடலும் இரண்டும் உயிரோடு இருக்கின்றன. அவசரத்துக்கு யார் கையில் எது கிடைக்கிறதோ அது பிரிண்ட் ஆகிறது.

டிராயிங் எண்ணை மாற்றாதீர்கள், வாடிக்கையாளரின் ஆர்டர், பேட்டர்ன், ஸ்டோர்ஸ் எல்லாம் அதில்தான் ஓடுகின்றன. ரிவிஷனை மட்டும் ஒரு படி ஏற்றி, அளவில் எந்த மாற்றமும் இல்லாவிட்டாலும் "முப்பரிமாண மாடலுக்கு மாற்றியது" என்று ரிவிஷன் கட்டத்தில் எழுதுங்கள். அதே நாளில் பழைய டிடபிள்யூஜி கோப்பைப் (ஆட்டோகேட் டிராயிங்) பூட்டிய ஃபோல்டருக்கு நகர்த்தி, பழைய பிடிஎஃப்பின் குறுக்கே "வழக்கொழிந்தது" என்று அச்சிடுங்கள். ஐஎஸ்ஓ 9001 சான்றிதழ் உள்ளவர்களுக்கு 7.5 பிரிவில் கேட்பது இதைத்தான், ஆடிட்டர் வரும்போது தனியாக ஓடவேண்டியதில்லை. ஜாப் ஒர்க் செய்பவரிடம் இருக்கும் நகலைத் திரும்பக் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தால் புது ரிவிஷனை அதே உரையாடலில் அனுப்பி, பழையதை அழிக்கச் சொல்லிப் பதில் வாங்குங்கள். ஷாப்பில் புதுப் பிரிண்டைக் கொடுக்கும்போது பழையதைக் கையில் வாங்காமல் கொடுக்கவேண்டாம், டூல் பீரோ கதவின் உட்பக்கம் ஒட்டியிருப்பதையும் சேர்த்து.